டோக்கன் கூட்டம் ஓட்டு ஆகாது: எம்.எல்.ஏ. ஆக நினைக்கும் டாக்டர்களுக்கு

வாக்கு எண்ணிக்கை முடிந்த மறுநாள் காலை எங்கள் டாக்டர் வழக்கம்போல ஒன்பது மணிக்குக் கிளினிக்கைத் திறந்தார். பக்கத்து மெடிக்கல் ஷாப் என்னுடையது. அந்தத் தேர்தலில் அவருக்குத் தேர்தல் முகவரும் நான்தான். டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களில் பதினொரு பேர் ஒரே ஊர், காலை மினி பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள். ஒருவர் விடாமல் உள்ளே போய், "சார், எங்க வீட்டு ஓட்டு பூரா உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். எண்ணிக்கை மேசையில் நான் குறித்துக்கொண்ட தாள் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. அந்த ஊர் பூத்தில் எங்களுக்கு விழுந்தது 9.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இப்போது வருடத்துக்கு ஒன்றிரண்டு இளம் டாக்டர்களாவது என் கடைக் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, "அண்ணா, அரசியலுக்கு வரலாம்னு ஒரு யோசனை, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை, அரசியல்வாதியும் இல்லை. டெபாசிட் போன ஒரு சுயேச்சை வேட்பாளரின் கணக்கு நோட்டை வைத்திருந்தவன், அவ்வளவுதான். ஜெயித்தவர்களிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதற்குப் போகிறீர்கள்

இதை முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். "மக்களுக்குச் சேவை" என்று எழுதினால் கிழித்துப் போடுங்கள், அதைத்தான் கிளினிக்கிலேயே செய்கிறீர்களே. எந்த நோய், எந்த ஊர், எதனால், அதை உங்கள் மருந்துச்சீட்டால் ஏன் தீர்க்க முடியவில்லை என்று எழுத வந்தால் மேலே படியுங்கள்.

எங்கள் டாக்டருக்கு அது ஃபுளோரைடு. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துப் பிள்ளைகளின் முன்பல்லில் பழுப்புப் பட்டை விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், நாற்பது ஐம்பது வயதில் முட்டி மடங்காமல் முதுகு நிமிராமல் வருகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது கணக்கு, போர்வெல் தண்ணீரையே பல வருஷம் குடித்தவர்களின் எலும்பில் அது ஏறி உட்கார்ந்துவிடும். ஒரு பாட்டியம்மா மருந்தை வாங்கிக்கொண்டு என் கடை வாசலில் நின்று, "கால்சியம் மாத்திரைய எந்தத் தண்ணியில முழுங்கறதுன்னு சார் சொல்லலியே" என்று கேட்டார். கிண்டலெல்லாம் இல்லை, நிஜமாகவே கேட்டார். உள்ளே போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் அன்று முழுக்க ஒரு மாதிரியாகவே இருந்தார்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்து, 2013ல்தான் தண்ணீர் விட்டார்கள். அதற்கு முன் எத்தனை வருஷம் எத்தனை டாக்டர்கள் அறிக்கை எழுதியிருப்பார்கள்! குழாய் வந்தது அரசியல் வழியாகத்தான். குழாய் வந்த பிறகும், தண்ணீர் வராத நாளில் ஜனங்கள் பழைய போர்வெல்லுக்கே போகிறார்கள். ஆக, வால்வைத் திறந்துவிடுகிறவர் வரைக்கும் அரசியல்தான்.

இன்னொரு உதாரணம் என் கல்லாவிலேயே தெரியும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பி.பி., சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்ததும் என் கடையில் அந்த மாத்திரைகள் ஓடுவது குறைந்தது. எனக்கு நஷ்டம்தான், ஆனால் கோட்டையில் போடுகிற ஒரு கையெழுத்து எவ்வளவு தூரம் போகும் என்று அதில் தெரிந்துகொண்டேன்.

டெல்லியா சென்னையா என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருப்பவை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கிறாரா, தாலுகா ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்க ஆள் உண்டா, இதெல்லாம் பெரும்பாலும் சென்னையில் முடிவாகிறவை. உங்கள் தாளில் எழுதியது இந்த மாதிரி விஷயம் என்றால் சட்டமன்றம்தான் உங்கள் இடம்.

முன்னால் போனவர்கள்

டாக்டர்கள் அரசியலுக்கு வருவது ஒன்றும் புதிசு இல்லை. நீதிக்கட்சியை 1916ல் தொடங்கியவர்களில் டி.எம்.நாயர் டாக்டர், நடேச முதலியார் டாக்டர். முத்துலட்சுமி ரெட்டி 1927ல் சென்னை மாகாணச் சட்ட மேலவைக்குள் போனார், பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றப் படியேறிய முதல் பெண் அவர்தான். டாக்டர் ஹண்டே 1980ல் அண்ணா நகரில் கலைஞரை எதிர்த்து நின்று 699 ஓட்டில் தோற்றவர். தோற்ற பிறகும் எம்.ஜி.ஆர். அவரைச் சுகாதார அமைச்சர் ஆக்கினார். திண்டிவனத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ராமதாஸ் கதையை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம்மூர்க் கணக்கை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அன்புமணி மருத்துவம் படித்தவர், 2004 முதல் 2009 வரை மத்திய சுகாதார அமைச்சர், 2014ல் தர்மபுரி எம்.பி. அதே மனிதர் 2016ல், கட்சியின் முதல்வர் வேட்பாளராகவே நின்றும், பென்னாகரம் சட்டமன்றத் தொகுதியில் தோற்றார். 2019ல் அவரைத் தோற்கடித்த செந்தில்குமாரும் டாக்டர், கதிரியக்க மருத்துவர். அந்தச் செந்தில்குமாருக்கு 2024ல் கட்சி சீட்டுக் கொடுக்கவில்லை, வழக்கறிஞர் ஒருவர் நின்று ஜெயித்தார். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருப்பதற்கு இங்கே எவ்வளவு விலை என்று இதிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வேலையை விடுவதற்கு முன்

அரசு டாக்டர் என்றால், பணியில் இருக்கும்போது கட்சியில் சேரவும் முடியாது, பிரச்சாரத்துக்குப் போகவும் முடியாது. ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது, அதை ஏற்று உத்தரவு கைக்கு வர வேண்டும். மேற்படிப்புக்கு எழுதிக் கொடுத்த பாண்டு பாக்கி இருக்கும், ஏதாவது ஒரு மெமோவுக்குப் பதில் நிலுவையில் இருக்கும், இதெல்லாம் முடிய மாதக்கணக்கில் ஆகலாம். தேர்தல் அறிவித்த பிறகு கடிதம் கொடுக்கலாம் என்று இருந்தால் அந்தத் தேர்தலை மறந்துவிட வேண்டியதுதான்.

அரசு குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். வேட்புமனுவோடு கொடுக்கிற படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில், கடந்த பத்து வருஷத்தில் அரசு வீட்டில் குடியிருந்திருந்தால் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி பாக்கி இல்லை என்ற சான்று கேட்பார்கள். எட்டு வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு ஊர் குவார்ட்டர்ஸில் ஆறு மாதம் இருந்துவிட்டு மறந்துபோயிருப்பீர்கள். அந்த ஆபீசுக்கு இப்போதே ஒரு நடை போய் வாங்கி வைத்துவிடுங்கள்.

ஓசூர் டாக்டர்களுக்குத் தனியாக ஒரு விஷயம். வேலை ஓசூரில், வீடு அத்திப்பள்ளி தாண்டி, பிள்ளைகள் பெங்களூர்ப் பள்ளியில் என்று நிறையப் பேர் இருக்கிறீர்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் கர்நாடகாவில் இருந்தால் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு நிற்க முடியாது. தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியில் பெயர் இருந்தால் போதும், நிற்கிற தொகுதியிலேயே இருக்க வேண்டும் என்று இல்லை. வேறு தொகுதி என்றால் பட்டியலின் சான்றிட்ட நகல் வேண்டும். வயது 25 நிரம்பியிருக்க வேண்டும், எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கு அது பெரும்பாலும் பிரச்சினை இல்லை. அரூரும் ஊத்தங்கரையும் தனித் தொகுதிகள். அரசோடு சப்ளை, கட்டட வேலை என்று ஒப்பந்தம் ஏதாவது உங்கள் பெயரில் நடப்பில் இருந்தால் தகுதியிழப்புப் பிரச்சினை வரலாம், அதை மட்டும் தேர்தல் வழக்குத் தெரிந்த வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

கட்சியா, சுயேச்சையா

சுயேச்சைச் சின்னங்களின் பட்டியலில் ஸ்டெதஸ்கோப்பும் உண்டு. அதைப் பார்த்து மயங்கிப் போனவர்கள் நாங்கள். தொகுதிக்கு ஏறத்தாழ முன்னூறு பூத், பூத்துக்கு ஒரு ஏஜென்ட் என்றாலும் முன்னூறு பேர் காலை ஐந்து மணியிலிருந்து நமக்காக உட்கார வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது முப்பத்தெட்டுப் பேர், அதில் ஏழு பேர் என் கடைக்கு மருந்து போடுகிற ரெப்புகள்.

கட்சி என்றால் உங்களை முதலில் மருத்துவ அணியில் போடுவார்கள். அது நல்ல இடம் மாதிரித்தான் தெரியும். தலைவர் பிறந்தநாளுக்கு ரத்ததான முகாம், மாநாட்டுக்கு முதலுதவிப் பந்தல், மேடையில் மூன்றாவது வரிசையில் நாற்காலி, பத்து வருஷம் ஓடிவிடும். சீட்டு விஷயத்தில் பேச்சு எடுபடுகிறவர்கள் கிளைச் செயலாளர், ஒன்றியச் செயலாளர், மாவட்டச் செயலாளர் என்று ஒரு தனிப் பாதையில் இருப்பார்கள், அவர்களுக்கு உங்கள் அணி கண்ணிலேயே படாது. அதனால் உங்கள் ஊர்க் கிளையில் ஒரு பூத்துக்குப் பொறுப்புக் கேளுங்கள், ஒரே ஒரு பூத். ஒரு உள்ளாட்சித் தேர்தலில் வேறு யாருக்காகவாவது அந்த பூத்தில் வேலை பாருங்கள். துக்க வீட்டுக்கும் காது குத்துக்கும் போங்கள், மொய் எழுதுங்கள். "டாக்டர் வந்திருந்தாருப்பா" என்று நாலு பேர் சொல்ல வேண்டும், ஆனால் போன இடத்தில் செத்தவருக்கு என்ன வியாதி என்று ஆராயக் கூடாது, எங்கள் டாக்டர் அதைச் செய்து ஒரு குடும்பத்தையே பகைத்துக்கொண்டார்.

விருப்ப மனு, நேர்காணல் எல்லாம் அப்புறம் வரும். நேர்காணலில் எந்தக் கேள்வி முக்கியம் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எழுத வேண்டியதில்லை. அதையும் தாண்டி வந்தால், கடைசி இரவில் தொகுதி கூட்டணிக் கட்சிக்குப் போய்விடும். அதற்கும் மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

சாதி. இதுவரை உங்கள் சாதி என்னவென்று கேட்காத நோயாளி, நோட்டீஸில் உங்கள் பெயரையும் அப்பா பெயரையும் பார்த்ததும் கணக்குப் போடுவார். நீங்கள் போடாவிட்டாலும் உங்கள் கட்சி போடும். சாதியைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் சட்டப்படி அது தேர்தல் முறைகேடு, தேர்தலே செல்லாமல் போகலாம், அதனால் மேடையில் நாக்கை அடக்குங்கள், பக்கத்தில் மைக் பிடிக்கிறவரையும் அடக்குங்கள்.

கிளினிக்கை என்ன செய்வது

எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது இதில்தான். கிளினிக் கம்ப்யூட்டரில் பல ஆயிரம் நோயாளிகளின் போன் நம்பர் இருந்தது. எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்பலாம் என்றேன் நான். டாக்டர் முடியவே முடியாது என்றார். "அந்த நம்பர் அவங்க வியாதிக்காகக் குடுத்தது. டி.பி. மாத்திரை வாங்கறது ஊட்ல தெரியக் கூடாதுன்னு வர்றவங்க எத்தனை பேர், உனக்கே தெரியுமே" என்றார். கடைக்காரன் எனக்குத் தெரியாமல் இருக்குமா? அன்றைக்குக் கோபம்தான் வந்தது. இப்போது நினைத்தால் அவர் சொன்னதுதான் சரி. நோயாளி ரகசியம் டாக்டருக்கு மட்டுமில்லை, அவர் தேர்தல் முகவருக்கும் உண்டு.

மருந்துச்சீட்டில் சின்னம் போடாதீர்கள். தேர்தல் தேதி அறிவித்த பிறகு இலவச முகாம், ஃபீஸ் தள்ளுபடி எதுவும் வேண்டாம், வாக்காளருக்குப் பரிசு கொடுத்ததாக எதிராளி ஒரு வீடியோ எடுத்தால் போதும். வழக்கமாக ஐம்பது ரூபாய் வாங்குகிறவர் அந்த மாதமும் அதே ஐம்பது ரூபாயை வாங்குங்கள். பிரச்சார மாதத்தில் கிளினிக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு டாக்டரை முன்கூட்டியே ஏற்பாடு செய்து, நாள்பட்ட நோயாளிகளை அவரிடம் நேரில் ஒப்படையுங்கள். கலெக்‌ஷன் பணத்தை இரவு வீட்டுக்கு எடுத்துப் போகிறபோது ஐம்பதாயிரத்துக்கு மேல் இருந்தால் ரசீதுப் புத்தகமும் கையில் இருக்கட்டும். தொப்பூர்ப் பக்கம் பறக்கும் படை நிறுத்தினால், "நான் டாக்டர்" என்பதெல்லாம் எடுபடாது.

ஊருக்குள் போகும்போது

எங்கள் முதல் நாள் பிளான் இருபது ஊர். முடித்தது ஏழு. வேன் நின்றதும் ஒருவர் எக்ஸ்-ரே கவரோடு வருவார், ஒருவர் சட்டையைத் தூக்கிக் கட்டியைக் காட்டுவார், ஒரு அம்மா பிள்ளையின் வாயைத் திறந்து காட்டுவார். மைக்கில் நான் சின்னத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, டாக்டர் வேன் பின்னால் நின்று ஓ.பி. பார்த்துக்கொண்டிருப்பார். சின்ன நோட்டு ஒன்றில் பெயரை எழுதிக்கொண்டு, தேர்தலுக்குப் பிறகு வரச் சொல்லுங்கள், அவசரம் என்றால் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

அப்புறம் அந்த சானிடைசர். வருஷக்கணக்கான பழக்கம், ஒவ்வொரு தெருவிலும் கை கொடுத்துவிட்டு வேனில் ஏறியதும் டாக்டர் பையிலிருந்து பாட்டிலை எடுத்து இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொள்வார். அவருக்கு அது தெரிந்து செய்வதே இல்லை. நாலாவது நாள் ஒரு காலனியில் தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். ஒரு அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "எங்க கை அழுக்குன்னா ஓட்டு மட்டும் எதுக்கு சார்" என்று கேட்டார். டாக்டர் இறங்கிப் போய் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார், ஒன்றும் எடுபடவில்லை. பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

பேச்சிலும் ஒரு வியாதி உண்டு. நோயாளி வாயைத் திறந்த அரை நிமிஷத்தில் குறுக்கே கேள்வி கேட்டு நிறுத்துவது உங்கள் தொழில் பழக்கம். ஊர்க் கூட்டத்தில் அது ஆகாது, பெரியவர் ஒருவர் தன் போர் வறண்ட கதையை 1990லிருந்து ஆரம்பித்தாலும் முடிகிறவரை கேட்க வேண்டும். தளி, வேப்பனப்பள்ளி, ஓசூர்ப் பக்கம் என்றால் தெலுங்கிலும் கன்னடத்திலும் நலம் விசாரிக்கவாவது தெரிந்திருக்க வேண்டும்.

மலை ஊர்களை விட்டுவிடாதீர்கள். பென்னாகரம் தொகுதியின் கோட்டூர் மலைக்கு வாக்கு இயந்திரத்தையே கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றால் பிரசவ வலி எடுத்தவர் எப்படி இறங்குவார் என்று யோசித்துப் பாருங்கள். நடந்து ஏறுங்கள், ஒரு நாள் போகும், போகட்டும். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்களை ஊரில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் பொங்கலும் மாரியம்மன் பண்டிகையும்தான் நேரம், அதனால் தேர்தல் தேதி வந்த பிறகு கிளம்பினால் அவர்கள் வீட்டில் பூட்டுதான் தொங்கும்.

இதற்கெல்லாம் முன்னால் போன தேர்தலின் படிவம் 20ஐ எடுத்துக்கொள்ளுங்கள், பூத் வாரியாக யாருக்கு எத்தனை என்று அதில் இருக்கும். நாங்கள் அதைத் தோற்ற பிறகுதான் படித்தோம்.

மனுவும் கணக்கும்

அறிவிக்கை வந்ததிலிருந்து மனு கொடுக்க ஏழே நாள்தான், காலை 11 முதல் 3 வரை. கட்சி வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும், இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி கொடுக்கிற ஏ, பி படிவங்கள் கடைசி நாள் 3 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். சுயேச்சைக்குப் பத்துப் பேர், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்கள். நாங்கள் அழைத்துப் போனதில் ஒருவர் பெயர் பக்கத்துத் தொகுதியில் இருந்தது, நல்லவேளை பன்னிரண்டு பேரைக் கூட்டிப் போயிருந்தோம். டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. செல்லும் வாக்கில் ஆறில் ஒரு பங்கு வராவிட்டால் அது போச்சு. மனு கொடுத்ததும் உறுதிமொழி எடுத்துவிடுங்கள், பரிசீலனை நாளுக்கு முன்பே அது முடிந்திருக்க வேண்டும்.

பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், ஒன்றுமில்லை என்றால் "இல்லை" என்று எழுதுங்கள். சிகிச்சையில் கவனக்குறைவு என்று கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தால் அதை மறைக்காமல் எழுத வேண்டும், செய்தித்தாளிலும் டி.வி.யிலும் மூன்று முறை விளம்பரமும் கொடுக்க வேண்டும். நுகர்வோர் நீதிமன்ற வழக்கு கிரிமினல் கணக்கில் வராது. வீட்டில் கலந்து பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், உங்கள் மனைவியின் நகை எத்தனை பவுன் என்று மறுநாள் ஊருக்கே தெரியும்.

செலவு உச்சவரம்பு 40 லட்சம். மனு கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பாவது தனி வங்கிக் கணக்குத் தொடங்கி எல்லாச் செலவையும் அதன் வழியாகத்தான் செய்ய வேண்டும். ஒருவருக்கு ரொக்கமாக மொத்தத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் தரக் கூடாது. டீ, பிரியாணி, பிளாஸ்டிக் நாற்காலி, பந்தல் எல்லாவற்றுக்கும் மாவட்டத்தில் ஒரு விலைப் பட்டியல் வைத்திருப்பார்கள். நீங்கள் ஓசியில் வாங்கிய நாற்காலிக்கும் அந்த விலையில் கணக்கு எழுதுவார்கள். ஒரு தெருமுனைக் கூட்டத்துக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபக்காரர் பிரியப்பட்டுக் கொடுத்த நூற்றைம்பது நாற்காலியை நான் நோட்டில் எழுதவில்லை. அவர்கள் வீடியோவில் எண்ணி வைத்திருந்தார்கள், தலை குனிந்து நின்று திருத்தி எழுதினேன். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் இறுதிக் கணக்கைக் கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் வரை தேர்தலில் நிற்கத் தடை வரலாம். தோற்றவர்கள்தான் இதில் அதிகம் கோட்டை விடுவார்கள், யாருக்கும் அந்த நோட்டைத் திரும்பப் பார்க்கப் பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை, ஆனால் இருபத்தாறாவது நாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

அந்த 9 ஓட்டை எங்கள் டாக்டரிடம் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன். சிரித்தார், பி.பி. கருவியின் பட்டையைச் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார், அப்புறம் ஊர்ப் பெயரை இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். இப்போது செவ்வாய்க்கிழமை மத்தியானம் டோக்கன் கிடையாது என்று கிளினிக்கில் போர்டு தொங்குகிறது. அன்றைக்கு அந்த ஊருக்கு டவுன் பஸ்ஸில் போகிறார், தண்ணீர்த் தொட்டி திண்ணையில் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார். ஸ்டெதஸ்கோப்பை என் கடை டிராயரில் வைத்துவிட்டுப் போவார், ராத்திரி எட்டு மணிக்குக் கடை சாத்துவதற்குள் வந்து வாங்கிக்கொள்வார்.